செயின்சா இன்ஜின் பூட்டிய ஸ்கூட்டர் மலையில் மக்கர் செய்தால்

மரம் அறுக்கும் செயின்சாவின் 52 அல்லது 58 சி.சி. இன்ஜினைக் கழற்றி, நின்றபடி ஓட்டும் சிறு ஸ்கூட்டரில் பூட்டியவர்களுக்கான குறிப்பு இது. குன்னூர், கோத்தகிரி, ஊட்டிப் பக்கத்து எஸ்டேட் பாதைகளை மனதில் வைத்து எழுதியது. கொடைக்கானலுக்கும் அப்படியே பொருந்தும்.

இந்த இன்ஜின் நன்றாக உழைக்கும். ஆனால் அதற்குப் பழக்கமான உழைப்பு வேறு. மரம் அறுக்கும்போது சில விநாடி முழு ரேஸ், அடுத்து ஓய்வு, மறுபடி ரேஸ். ஸ்கூட்டரில் ஏற்றம் என்றால் பத்து நிமிடம் விடாத பளு. இறக்கம் என்றால் ஆக்சிலேட்டர் மூடியிருக்க, சக்கரமே இன்ஜினைச் சுழற்றுகிறது. போதாக்குறைக்கு உயரம். வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றில் ஏதோ ஒன்றிலிருந்து வருபவை. அதனால் செயின்சா மெக்கானிக் சொல்லும் வழக்கமான வைத்தியம் பாதி நேரம் பலிக்காது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி 25 சி.சி.க்கு மேல் இன்ஜின் உள்ள இரு சக்கர வண்டி எதுவும் மோட்டார் வாகனம்தான். பதிவு இல்லாமல் அதைப் பொதுச்சாலையில் இறக்கக் கூடாது. சொந்த இடம், அனுமதி பெற்ற எஸ்டேட் பாதை, அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காய்ந்த புல் உள்ள இடத்தில் சூடான சைலன்சரோடு வண்டியைச் சாய்த்து வைக்காதீர்கள். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை ஒரு பொறி போதும், சரிவு முழுக்க எரியும்.

ஸ்டார்ட் ஆகவில்லை: முதலில் ஸ்பார்க்

கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் வலித்ததும் பலரும் கார்பரேட்டரைத்தான் பிரிக்கிறார்கள். அதைக் கடைசியில் தொடுங்கள். 19 மி.மீ. பிளக் ஸ்பேனரால் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, அதன் உலோக உடம்பை சிலிண்டரின் ஃபின்னில் அழுத்திப் பிடித்துக் கயிற்றை இழுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து நன்றாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும். உள்ளிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சும், பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். நிழலில் பார்த்தால் நீல நிறத்தில் சுரீரென்று பொறி தெரிய வேண்டும். பிளக் இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

பொறி இல்லையென்றால் உடனே காயில் வாங்க ஓடாதீர்கள். காயிலிலிருந்து (பொறிக்கு மின்சாரம் தருவது) கில் சுவிட்சுக்கு (இன்ஜினை அணைப்பது) போகும் வயரை காயில் முனையிலேயே பிடுங்கிவிட்டு இன்னொரு முறை இழுங்கள். செயின்சாவில் அந்த வயர் ஒரு சாண் நீளம்தான். ஸ்கூட்டரில் அது ஹேண்டில்பார் வரை ஓடுகிறது. தண்டு மடங்கும் மூட்டில் நசுங்கி, உறை கிழிந்து, செம்பு ஃபிரேமில் உரசினால் சுவிட்சை அணைத்து வைத்ததற்குச் சமம். மழை நாளில் மட்டும் ஸ்டார்ட் ஆகாத வண்டிகளிலும் அனேகமாக இதுதான் காரணம். புது வயரை ரப்பர் குழாய்க்குள் விட்டு, மூட்டில் ஒரு வளைவு தளர்வாக இருக்கும்படி கட்டுங்கள்.

வயரைப் பிடுங்கியும் பொறி வரவில்லையா? ஃபிளைவீல் காந்தத்துக்கும் காயிலுக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 0.3 மி.மீ. இருக்க வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லையென்றால் விசிட்டிங் கார்டு போதும். காயிலின் இரண்டு ஸ்க்ரூவையும் தளர்த்தி, காந்தத்தைக் காயிலுக்கு நேராகத் திருப்பி, நடுவில் கார்டைச் செருகுங்கள். காந்தமே காயிலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அப்படியே ஸ்க்ரூவை இறுக்கிக் கார்டை உருவுங்கள். இங்குள்ள ஈரத்தில் காந்தம் சீக்கிரம் துருப்பிடிக்கும், அதை எமரித்தாளால் லேசாகத் தேய்த்துவிடுங்கள். ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் திரெட்லாக் பசை ஒரு துளி விடுங்கள். ஸ்கூட்டரின் அதிர்வில் அது கழன்றால் காயில் ஃபிளைவீலில் உரசி வீணாகும்.

குளிர்ந்த நிலையில் நன்றாக ஓடி, கால் மணி நேரத்தில் அணைந்து, ஆறிய பிறகு மறுபடி ஓடினால் காயிலைச் சந்தேகிக்கலாம். ஆனால் டேங்க் மூடியின் காற்று வழி அடைத்தாலும் அதே குணம் வரும். அதனால் அணைந்த அந்த நிமிடத்திலேயே பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பாருங்கள். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை.

பொறி நன்றாக இருந்தும் கயிறு கையைப் பின்னுக்கு இழுத்து உதைத்தால், ஃபிளைவீலைக் கிராங்கில் சரியான இடத்தில் நிறுத்தும் கீ அறுந்து, பொறி விழும் நேரம் (டைமிங்) நகர்ந்திருக்கிறது.

கம்ப்ரஷன்: ஊட்டியில் கேஜ் குறைவாகத்தான் காட்டும்

பிளக் ஓட்டையில் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, முள் ஏறாமல் நிற்கும்வரை ஆறேழு முறை இழுங்கள். நல்ல இன்ஜின் மேட்டுப்பாளையம் போன்ற தாழ்ந்த இடத்தில் 140 பி.எஸ்.ஐ. காட்டினால், அதே இன்ஜின் 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியில் ஏறத்தாழ 110-தான் காட்டும். ரிங் தேயவில்லை. உள்ளே இழுக்கும் காற்றின் அழுத்தமே கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். கீழே அச்சிட்ட மேனுவலில் உள்ள எண்ணை வைத்துக்கொண்டு இங்கே நல்ல பிஸ்டனைத் தூக்கிப் போட்டவர்கள் உண்டு. ஊட்டி உயரத்தில் 85-க்குக் கீழே போனால் மட்டும் சிலிண்டரைத் திறக்க யோசியுங்கள்.

பெட்ரோல் வந்து சேருகிறதா

பத்துப் பதினைந்து முறை இழுத்தும் பிளக் முனை காய்ந்தே இருந்தால் பெட்ரோல் வரவில்லை. மூன்று இடங்களை வரிசையாகப் பாருங்கள்.

டேங்க் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. செயின்சா டேங்கில் காற்றை உள்ளே மட்டும் விடும் சின்ன ரப்பர் வால்வு உண்டு. தேயிலைப் பாதையின் மண் அதில் அப்பிக்கொள்ளும். கழற்றி பெட்ரோலில் கழுவுங்கள். குத்தி ஓட்டையாக்காதீர்கள், வண்டி சாய்ந்தால் பெட்ரோல் சைலன்சரில் வடியும்.

அடுத்தது டேங்குக்குள் கிடக்கும் ஃபில்டர். கொக்கியால் வெளியே இழுத்து, ட்யூபிலிருந்து பிடுங்கி ஊதிப் பாருங்கள். ட்யூப் கொழகொழவென்று இருந்தால் மாற்றுங்கள். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊற வைக்கிறது, கார்பரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாப்ரத்தை விறைக்க வைக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் குடிக்கும். பனிமூட்டத்திலேயே வாழும் ஊரில் பாதி நிரம்பிய டேங்கை நீண்ட நாள் வைத்தால் அடியில் தண்ணீரும் எத்தனாலும் தனியாகப் பிரிந்து நிற்கலாம். ஆயிலோ மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். ஃபில்டர் கிடப்பது அடியில். ஆயில் இல்லாத அந்தக் கலவையை இன்ஜின் குடித்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்துவிட்டு, இன்ஜின் தானாக அணையும்வரை ஐட்லிங்கில் விடுங்கள்.

மூன்றாவது இடம்தான் ஸ்கூட்டர் வேலையில் அதிகம் தப்பும் இடம். இந்தக் கார்பரேட்டரில் ஃப்ளோட் கிடையாது. கிராங்க் கேஸில் ஏறி இறங்கும் அழுத்தம் ஒரு சின்ன ஓட்டை வழியாக வந்து பம்ப் டயாப்ரத்தைத் துடிக்கவைக்கும், அதுதான் பெட்ரோலை இழுக்கிறது. கார்பரேட்டரைத் திருப்பி வைக்க வசதியாகச் சொந்தமாகத் தகடு வெட்டிப் போட்டவர்கள் கேஸ்கெட்டில் இந்த ஓட்டையை மூடிவிடுகிறார்கள். பிரைமர் பல்பை அழுத்தினால் பெட்ரோல் வரும், ஸ்டார்ட் ஆகும், ஐந்து விநாடியில் நிற்கும். இந்தக் குணம் தெரிந்தால் கேஸ்கெட்டைக் கழற்றி, கார்பரேட்டர், தகடு, கேஸ்கெட் மூன்றிலும் ஓட்டை நேராக வருகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

மாறாக பிளக் சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் ஓவர்ஃப்ளோ. சோக்கைப் போடாத நிலைக்குத் தள்ளி, ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்து, சுவிட்சை அணைத்து, பிளக் இல்லாமல் எட்டு முறை இழுங்கள். பிளக்கைத் துடைத்து மாட்டினால் பெரும்பாலும் பிடித்துக்கொள்ளும்.

ஆயில் அளவு: லிட்டருக்கு 33 மி.லி. நல்ல 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில். புது பிஸ்டனுக்கு 40 மி.லி. மரம் அறுக்க 20 மி.லி. போதும் என்று பாட்டிலில் எழுதியிருக்கும். விடாத ஏற்றத்துக்கு அது பற்றாது.

உயரமும் எச் ஸ்க்ரூவும்

இந்த ஊரில் செயின்சா ஸ்கூட்டரைக் கொல்வது இதுதான். ஆகவே நின்று நிதானமாகப் படியுங்கள்.

மேலே ஏற ஏறக் காற்று இலேசாகிறது. பெட்ரோல் வரும் துளையோ மாறவில்லை. காற்றுக்குப் பெட்ரோல் அதிகமாகி, வண்டி மந்தமாகும், புகை விடும், பிளக் கரி பிடிக்கும். சக்தியும் ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறையும். அதை எந்த ஸ்க்ரூவாலும் மீட்க முடியாது. கலவையை மட்டும் சரிசெய்யலாம். கார்பரேட்டரில் முழு ரேஸுக்கான பெட்ரோல் அளவை வைக்கும் எச் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்றிலிருந்து கால் சுற்றுவரை வலப்பக்கம் மூடினால் இன்ஜின் தெளிந்து பாடும்.

ஆபத்து அதற்குப் பிறகு. அப்படி ஊட்டியில் மூடிய ஸ்க்ரூவோடு வண்டியை ஆட்டோவில் ஏற்றி மேட்டுப்பாளையத்துக்கோ காரமடைக்கோ கொண்டுபோய் ஓட்டினால், அங்கே கனத்த காற்றுக்குப் பெட்ரோல் போதாது. 2டி இன்ஜினில் பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறைந்தது என்றே அர்த்தம். வண்டி முன்னெப்போதும் இல்லாத வேகத்தில் சீறும், ஓட்டுகிறவருக்குச் சந்தோஷமாக இருக்கும், சில நிமிடத்தில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகி நின்றுவிடும், அதாவது சீஸ் ஆகும். ஆகவே மலையிறங்கும் முன்பே எச் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குத் திறந்துவிடுங்கள். கீழே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். ஸ்க்ரூவின் வெட்டு நிற்கும் திசைக்கு நேராகக் கார்பரேட்டர் உடம்பில் கீழூருக்குச் சிவப்பு நெயில் பாலிஷ், மேலூருக்கு வேறு நிறம் என்று இரண்டு புள்ளி வையுங்கள்.

டியூனிங் செய்யும் முறை:

1. ஏர் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள். அழுக்கு ஃபில்டரோடு டியூன் செய்தால் எல்லாம் பொய்யாகும். ஸ்கூட்டர் செயினைக் கழற்றிவிடுங்கள்.
2. எல் (ஐட்லிங்குக்கான பெட்ரோல் ஸ்க்ரூ), எச் இரண்டையும் மெதுவாக இடிக்கும்வரை மூடி, ஒவ்வொரு சுற்று திறங்கள். இறுக்கி முறுக்கினால் ஊசி முனை கெடும்.
3. ஐந்து நிமிடம் ஓடவிட்டுச் சூடாக்குங்கள்.
4. எல் ஸ்க்ரூவை இருபக்கமும் திருப்பி, ஐட்லிங் உச்சமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து அரைக்கால் சுற்று திறங்கள். ஆக்சிலேட்டரைச் சட்டென்று முறுக்கினால் முக்காமல் ஏற வேண்டும். முக்கினால் இன்னும் கொஞ்சம் திறங்கள்.
5. ஐடில் ஸ்க்ரூவை 2,800 முதல் 3,000 ஆர்.பி.எம்.மில் வையுங்கள். கிளட்ச் டிரம் சுற்றக் கூடாது.
6. முழு ஆக்சிலேட்டரில் மூன்று விநாடி, அதற்கு மேல் வேண்டாம். சத்தம் கொஞ்சம் கரகரத்து, தடதடவென்று வர வேண்டும். கூரான விசில்போல் வழுவழுப்பாக வந்தால் பெட்ரோல் குறைவு. உடனே எச்-ஐத் திறங்கள்.

செயினை மாட்டி ஏற்றத்தில் ஓட்டும்போது அந்தக் கரகரப்பு மறைந்து, ஆக்சிலேட்டரை லேசாகக் குறைத்ததும் திரும்ப வந்தால் சரியான இடத்தில் இருக்கிறீர்கள். இரண்டு கிலோமீட்டர் ஏறி, அங்கேயே சுவிட்சை அணைத்து பிளக்கைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் நல்லது. வெளுத்திருந்தால் ஆபத்து, கறுப்புப் பொடி படிந்தால் பெட்ரோல் அதிகம்.

ஸ்க்ரூவை எப்படித் திருப்பியும் ஐட்லிங் தானாக ஏறி, ஆக்சிலேட்டரை விட்டாலும் இறங்க நேரம் எடுத்தால், அது டியூனிங் கோளாறே இல்லை. எங்கோ காற்று கசிகிறது. கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் பூட், அதன் கிளிப், இரண்டு கிராங்க் ஆயில் சீல் ஆகிய இடங்கள்தான். பூட்டைச் சுற்றிக் கெட்டி கிரீஸ் பூசுங்கள், ஐட்லிங் மாறினால் கசிவு அங்கேதான். கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடித்துச் சோதிக்கும் வழக்கம் இருக்கிறது. பக்கத்தில் சூடான சைலன்சர் இருப்பதால் வேண்டாம்.

பனிமூட்டத்தில் மட்டும் நிற்கிறது

ஜூலை மாத மூட்டத்திலும் டிசம்பர் காலையிலும் நன்றாகக் கிளம்பி, ஐந்தாறு நிமிடத்தில் சோர்ந்து நின்று, இரண்டு நிமிடம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் ஓடினால், கார்பரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டுகிறது. பெட்ரோல் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும், ஈரக் காற்றிலுள்ள நீர் அங்கேயே உறையும். வெளியே 5 முதல் 10 டிகிரி இருந்தாலே இது நடக்கும். சில செயின்சாக்களில் சிலிண்டர் பக்கத்துச் சூடான காற்றை ஃபில்டருக்கு விடும் குளிர்காலத் தட்டு இருக்கும், அதைத் திருப்பிவிடுங்கள். இல்லையென்றால் ஃபில்டர் பெட்டியில் சிலிண்டரைப் பார்த்த பக்கத்தில் ஒரு விரல் அகலத் திறப்பு வெட்டி, வெயில் காலத்தில் தகட்டால் மூடிக்கொள்ளலாம்.

ஏற்றத்தில் இழுக்கவில்லை: கிளட்ச்

இன்ஜின் அலறுகிறது, வண்டி நகரவில்லை, கருகிய வாடை வருகிறது. கிளட்ச் நழுவுகிறது. ஷூ (சுழலும்போது விரிந்து டிரம்மை உள்ளிருந்து பிடிக்கும் கட்டை) தேய்ந்துவிட்டது என்று மாற்றுவதற்கு முன், செயின் ஓடும் பல்சக்கரங்களின் பல்லைக் கணக்குப் பாருங்கள்.

சக்கரத்தின் வெளிவிட்டம் 25 செ.மீ. என்றால் ஒரு சுற்றுக்கு 78.5 செ.மீ. ஓடும். ஷூ முழுதாகப் பிடிக்க 4,500 ஆர்.பி.எம். தேவை என்று கொள்வோம். இன்ஜினில் 7 பல், சக்கரத்தில் 80 பல் இருந்தால் 4,500-இல் வண்டி மணிக்குச் சுமார் 18.5 கி.மீ. போக வேண்டும். அதற்குக் குறைந்த வேகத்தில் ஏறும் ஒவ்வொரு நொடியும் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. சமவெளிக்கு இது போதும். கோத்தகிரிச் சரிவுகளுக்கு 15-க்கு 1 வையுங்கள், அதாவது 7-க்கு 105 பல், அல்லது நடுவில் ஒரு ஷாஃப்ட் போட்டு இரண்டு கட்டம். அப்போது 14 கி.மீ.யிலேயே கிளட்ச் பிடிக்கும். உச்ச வேகம் 8,000 ஆர்.பி.எம்.மில் 25 கி.மீ.தான். இந்தப் பாதைகளில் சின்னச் சக்கரத்துக்கு அதற்கு மேல் தேவையும் இல்லை. கிளம்பும்போது காலால் நாலு தள்ளு தள்ளிவிட்டு ஆக்சிலேட்டரைத் தொட்டால் ஷூவின் ஆயுள் கூடும்.

கிளட்சைக் கழற்ற: பிளக் ஓட்டை வழியாக ஒரு முழம் நைலான் கயிற்றை உள்ளே விடுங்கள். பிஸ்டன் மேலேறி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை மூடிய பிறகுதான் விட வேண்டும், இல்லாவிட்டால் கயிறு போர்ட்டில் சிக்கி அறும். பிஸ்டன் கயிற்றில் முட்டி நின்றதும் கிளட்சை வலப்பக்கம் திருப்பிக் கழற்றுங்கள். இது பெரும்பாலும் இடப்புரி மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். பின்னால் உள்ள செயின் ஆயில் பம்ப்பைக் கழற்றிவிடுங்கள். ஆயில் இல்லாமல் சுழன்றால் அதன் பிளாஸ்டிக் பல் உருகிக் கிராங்கில் ஒட்டும்.

டிரம்முக்குள் இருக்கும் நீடில் பேரிங்கை யாரும் கவனிப்பதில்லை. மரம் அறுக்கும்போது டிரம் தனியாகச் சுழல்வது அரிது. ஸ்கூட்டரில் இன்ஜின் ஐட்லிங்கில் இருக்க வண்டி உருளும் ஒவ்வொரு இறக்கத்திலும் டிரம் இந்தப் பேரிங்கின் மேல் சுழல்கிறது. பத்து மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை சூடு தாங்கும் கிரீஸ் வையுங்கள். இது காய்ந்து பிடித்துக்கொண்டால் ஐட்லிங்கிலேயே வண்டி கிளம்பும், பிரேக் பிடித்தால் இன்ஜின் அணையும்.

புதிதாகப் பூட்டியவர்களுக்கு ஒன்று: கிளட்ச் பக்கத்திலிருந்து பார்த்தால் கிராங்க் வலஞ்சுழியாகச் சுற்றும். நேர் செயின் போட்டால் கிளட்ச் வண்டியின் வலப்பக்கம் இருக்க வேண்டும். இடப்பக்கம் வைத்தால் வண்டி பின்னால் போகும்.

இறக்கம்

ஆக்சிலேட்டரை மூடி வேகமாக இறங்கும்போது டிரம்மின் வேகத்தால் ஷூ விரிந்தே இருக்கும். சக்கரம் இன்ஜினை 6,000, 7,000 ஆர்.பி.எம்.மில் சுழற்றும், ஆனால் மூடிய கார்பரேட்டர் வழியாகப் பெட்ரோலும் ஆயிலும் சொட்டுதான் வரும். ஐந்து விநாடிக்கு ஒரு முறை ஆக்சிலேட்டரைத் தட்டிவிடுங்கள். வேகம் குறைந்து ஷூ விட்டதும் இன்ஜின் பிரேக்கிங் சட்டென்று மறைந்துவிடும், வண்டி திடீரென்று இலேசாகப் பாய்வதுபோல் இருக்கும். கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இதை எதிர்பாருங்கள். சைக்கிள் ரிம் பிரேக் ஈரத்தில் நிற்காது. முன்னும் பின்னும் டிஸ்க் அல்லது டிரம் பிரேக் இல்லாமல் சரிவில் இறங்காதீர்கள். கில் சுவிட்சில் ஒரு கயிற்றைக் கட்டி மணிக்கட்டில் மாட்டுங்கள்.

சூடும் சீஸும்

அழகுக்காக இன்ஜின் கவரைக் கழற்றி வைக்காதீர்கள். ஃபிளைவீல் விசிறியின் காற்றைச் சிலிண்டருக்குத் திருப்பிவிடுவதே அந்தக் கவர்தான். பின் சக்கரத்துச் சேறு விசிறிக்குள் போகாமல் ஒரு மட்கார்டு போடுங்கள். ஐம்பது மணி நேரத்துக்கு ஒரு முறை சைலன்சரைக் கழற்றி, பிஸ்டன் போர்ட்டை மூடியிருக்கும் நிலையில் மரக்குச்சியால் கரியைச் சுரண்டுங்கள். வலையைக் கம்பி பிரஷால் தேய்த்துத் திரும்பப் போடுங்கள், தீப்பொறி வெளியே வராமல் தடுப்பது அது.

ஓடும்போது திணறி நின்று கயிறு இழுபடவில்லையென்றால் வம்புக்கு இழுக்காதீர்கள். அரை மணி ஆறவிட்டுச் சைலன்சரைக் கழற்றி டார்ச் அடித்து பிஸ்டனைப் பாருங்கள். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் செங்குத்தான கீறல் இருந்தால் பெட்ரோல் குறைவும் சூடும். கார்பரேட்டர் பக்கம் கீறல் என்றால் ஃபில்டர் வழியாக மண் போயிருக்கிறது. நாலு பக்கமும் என்றால் ஆயிலே இல்லை. சிலிண்டரில் பிஸ்டனின் அலுமினியம் அப்பியிருந்தால் 400 நம்பர் எமரித்தாளால் மெதுவாக எடுக்கலாம். நகத்தால் தடவினால் குழி தட்டினால் பூச்சு உரிந்துவிட்டது, சிலிண்டரும் பிஸ்டனும் சேர்ந்த கிட்தான் வழி. அதை மாட்டும் முன் ரப்பர் பூட்டையும் இரண்டு ஆயில் சீலையும் மாற்றிவிடுங்கள். முதல் இரண்டு டேங்க் 40 மி.லி. ஆயிலோடு, எச் ஸ்க்ரூவை அரைக்கால் சுற்று கூடுதலாகத் திறந்து, பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் போகாமல் ஓட்டுங்கள்.